பன்னிரண்டு தறி

கவுந்தப்பாடியில் இப்போது
சர்க்கரை மூட்டைகளை எண்ணுகிறேன்.
எண்ணி எழுதியதை மறுபடி எண்ணுகிறேன்.
போன சனிக்கிழமை ஏலத்தில்
நாற்பத்தாறு என்று எழுத வேண்டிய இடத்தில்
அறுபத்து நான்கு.
"ஏனுங்க மேடம், தூக்கமில்லீங்களா?"
என்று சிரித்தார் வியாபாரி.
இல்லை என்று தலையாட்டினேன்.
ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.
இரண்டும் ஒன்றுதான்.

கோயம்புத்தூர் குடும்ப நல கோர்ட்டில்
கையெழுத்துப் போட்டு இருபத்து மூன்று நாள்.
அன்றைக்கு நான் அழவில்லை.
கேன்டீனில் தக்காளி சாதம் தின்றேன், முழுசாக.
இரண்டு டேபிள் தள்ளி நல்லசிவம்
அதே தக்காளி சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான்.
ஊறுகாய் இல்லாமல் அவனுக்கு இறங்காது.
என் தட்டிலிருந்த பொட்டலத்தை
எடுத்து நீட்டப் போன கையை
மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.
அந்தக் கைதான் இன்னும் வலிக்கிறது.
எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம்.

மாடியில் ஒற்றை அறை.
"தனியாவா?" என்று கேட்ட ஹவுஸ் ஓனரம்மா
அட்வான்ஸில் பத்தாயிரம் கூட்டினாள்.
ரேஷன் கார்டில் பெயர் நீக்க
மூன்று தடவை தாலுக்கா ஆபீஸ்.
மூன்றாம் தடவை சர்வர் வேலை செய்யவில்லை.
ஒறம்பரைக்காரர்கள் போனை எடுப்பதில்லை.
எடுத்தால் பெரியம்மா,
"இன்னுஞ் சித்த பொறுத்திருக்கலாமில்ல."

வேலை செய்த அசதி என்றால்
படுத்தால் போய்விடும்.
இது குளித்துவிட்டுத் துண்டோடு
கட்டிலில் உட்காரும்போது வருவது.
ஒன்றரை மணி நேரம் போயிருக்கும்,
தலைமுடி தானாகக் காய்ந்திருக்கும்.
ஜடைக்கு மூன்று பிரி.
இரண்டாவதிலேயே கை நின்றுவிடுகிறது.

ஆனாலும் தூக்கம் மட்டும் வராது.
ஏனென்று கண்டுபிடிக்க இத்தனை நாளாயிற்று:
சத்தம் இல்லை.

சோமனூரில் ஒன்பது வருசம்
சுவருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு தறி.
பொழுதுக்கும் டக்கட டக்கட டக்கட.
கட்டில் அதிரும்.
தண்ணீர்ச் சொம்புக்குள் வட்டம் வட்டமாய் அலை.
கல்யாணமான புதுசில் காதில் பஞ்சு வைத்தேன்.
அப்புறமெல்லாம்
கரண்ட் போனால்தான் விழிப்பு வரும்.
விழித்தால் பக்கத்தில் அவனும் விழித்திருப்பான்.
அந்த அமைதியில்தான் எங்களுக்குச் சண்டை.
கரண்ட் வந்துவிட்டால்
வாய் அசைவது மட்டும் தெரியும்.
இன்னும் கொஞ்சம் பவர் கட் இருந்திருந்தால்
முன்னாலேயே முடிந்திருக்கும்.

நேற்று ராத்திரி பத்தேகாலுக்குப் போன்.
மாமியார்.
இனி என்ன முறை வைத்துச் சொல்வது,
நல்லசிவத்தின் அம்மா.
"ஏனம்மிணி, கரண்ட் பில்லு அட்டைய எங்க வெச்ச?"
பீரோ மேல்தட்டு, பட்டுச்சேலைக்கு அடியில்,
மஞ்சப்பையில் என்றேன்.
"செரி."
வைக்கவில்லை.
நானும் வைக்கவில்லை.
அவளுக்குப் பின்னால் டக்கட டக்கட டக்கட.
பன்னிரண்டும் ஓடவில்லை.
ஒன்பதோ பத்தோ.
கோடியில் நாலாம் நம்பர் நொண்டி நொண்டி அடிக்கிறது,
பிக்கர் தேய்ந்திருக்கும்.
சொல்லலாமென்று வாயைத் திறந்து
மூடிக்கொண்டேன்.
"சாப்புட்டயா?"
"ம்."
பொய்யென்று அவளுக்குத் தெரியும்.
அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை.
போனைத் தலையணையில் வைத்து
அதன்மேல் காதை வைத்து

ஆறே முக்காலுக்கு எழுந்தேன்.
வாயோரம் எச்சில்.
கன்னத்தில் போனின் விளிம்பு.
சார்ஜ் செத்திருந்தது.
எப்போது வைத்தாள்,
வைத்தாளா என்றுகூடத் தெரியாது.

இன்றைக்கு ஏலம்.
ஜடை பின்னிவிட்டேன், கொஞ்சம் கோணல்.
சார்ஜரைத் தேடும்போதுதான் நினைவு வந்தது:
அட்டை மஞ்சப்பையில் இல்லை.
போன மார்ச்சில் நான்தான் எடுத்து
காலண்டருக்குப் பின்னால் செருகினேன்.
பாவம், பீரோவைக் கவிழ்த்துப் போட்டிருப்பாள்.
கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

ராத்திரி
பத்தேகாலுக்குச் சொல்லலாம்.